50 நாள் குட்டி வெளிநாட்டிலிருந்து வந்திருக்க முடியாது

கேள்வி: டாக்டர், போரூரில் ஒரு அப்பார்ட்மென்ட்டின் நான்காவது மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். 9 வயதில் ஒரு மகள். மாமியார் எங்களோடு இருக்கிறார். வயது 68, மூட்டுவலி உண்டு. கணவருக்கு பிரெஞ்சு புல்டாக் வளர்க்க வேண்டும் என்று பல வருட ஆசை. இன்ஸ்டாகிராமில் ஒருவர், "இம்போர்ட்டட் குட்டி, 50 நாள்தான் ஆகிறது, போன வாரம்தான் ஃப்ளைட்டில் வந்தது, பேப்பர் எல்லாம் பக்கா" என்று 1,40,000 ரூபாய் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் 25,000 ரூபாய் அட்வான்ஸ் போட வேண்டுமாம். அதற்குப் பதில் ஒரு மீட்பு அமைப்பிலிருந்து குட்டி ஒன்றைத் தத்தெடுக்கலாமே என்பது என் எண்ணம். மாமியாரோ, "குழந்தை இருக்கிற வீட்டில் தெருநாய் வேண்டவே வேண்டாம்" என்கிறார். நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகி, போரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அட்வான்ஸைப் போடாதீர்கள். உங்கள் கணவரின் ஆசையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நபர் சொன்ன கணக்கே உதைக்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஒரு நாய் சட்டப்படி இந்தியாவுக்குள் வர வேண்டுமானால், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அந்தத் தடுப்பூசியைக் குட்டிக்குப் பொதுவாக மூன்று மாதம் ஆன பிறகுதான் போடுவார்கள். மூன்றும் ஒன்றும் நான்கு. அதாவது விமானத்தில் முறையாக வந்து இறங்கும் மிகச் சின்னக் குட்டிக்கே நான்கு மாதம் ஆகியிருக்கும். 50 நாள் குட்டி போன வாரம் ஃப்ளைட்டில் வந்தது என்றால், ஒன்று அது இங்கேயே எங்கோ பிறந்த குட்டி, அல்லது எந்தச் சோதனையும் இல்லாமல் கடத்தி வரப்பட்ட குட்டி. மூன்றாவதாக ஒரு வழி இல்லை.

இதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். 50 நாள் குட்டிக்கு ஊசி ஊசியாய்ப் பால் பற்கள் வரிசையாக இருக்கும். நான்கு மாதக் குட்டிக்கு முன்பற்கள் விழுந்து, அந்த இடத்தில் அகலமான புதுப் பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். எந்தக் கால்நடை மருத்துவரிடம் காட்டினாலும் ஒரு நிமிடத்தில் வயதைச் சொல்லிவிடுவார். பேப்பரில் என்ன எழுதியிருந்தாலும் பல் மாற்றிச் சொல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2016 ஏப்ரலில் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் நாய் இறக்குமதி விதிகளை இறுக்கியது. தன் பெயரில் ஆவணங்களோடு சொந்தமாக வளர்த்த நாயை ஒருவர் கொண்டுவரலாம். ராணுவம், காவல்துறை, ஆராய்ச்சி நிறுவனங்கள் கொண்டுவரலாம். விற்பனைக்காகவும் இனப்பெருக்கத்துக்காகவும் கொண்டுவருவதற்கு அந்த அறிவிப்பில் இடமில்லை. வந்து இறங்கும் நாயை விமான நிலையத்தில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் பிரிவு சோதித்து, தடையின்மைச் சான்று கொடுத்த பிறகுதான் வெளியே விடுவார்கள். அந்தச் சான்றையும், வந்த நாட்டின் அரசு கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட ஆரோக்கியச் சான்றையும், அந்த இரண்டிலும் இருக்கும் 15 இலக்க மைக்ரோசிப் எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். குட்டியின் உடம்பில் ஸ்கேனரை வைத்தால் அதே எண் வர வேண்டும். "கேசிஐ பேப்பர் இருக்கே" என்பார். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் குட்டியின் தாய் தகப்பன் யார் என்பதற்கான பதிவு. குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கோ, வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கோ அது அத்தாட்சி ஆகாது.

கேள்விகளை அடுக்கினால் சிலர் பேச்சை மாற்றி, "இம்போர்ட் லைன் சார், அப்பா அம்மாதான் வெளிநாடு" என்பார்கள். இருக்கலாம். அப்படியானால் தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். குட்டி பிறந்த இடத்தில், தாயின் மடியில் மற்ற குட்டிகளோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். வீடியோ போதாது. பார்க்கிங்கிலோ பெட்ரோல் பங்க் ஓரத்திலோ கூடையில் வைத்துக் கொடுக்கிறேன் என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி, நாய்களை ஈன வைத்து விற்கும் பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெண் நாயை வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் ஈன வைக்கக் கூடாது. 50 நாள் என்றால் எட்டு வாரத்துக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. விற்பவர் தன் வாயாலேயே அதைச் சொல்லியிருக்கிறார்.

எட்டு வாரம் என்று விதி போட்டதற்குக் காரணம் உண்டு. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. அதற்கு முன்னால் பிரித்துக் கொண்டுவந்த குட்டிகள் பிற்பாடு கையைக் கடிப்பதையும், தனியே விட்டால் அலறுவதையும் கிளினிக்கில் நிறையப் பார்க்கிறேன்.

இதைவிட எனக்குப் பெரிய பயம், பார்வோ என்ற குடலைத் தாக்கும் வைரஸ் நோய். இப்படிக் கை மாறி வரும் குட்டிகளுக்கு அதுதான் எமன். பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் வைத்து, ரயிலிலும் காரிலும் அலைக்கழித்து, பால்குடி மறந்த கையோடு விற்கும்போது வைரஸ் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. அறிகுறி தெரிய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். அதனால் வாங்கும் அன்று துள்ளி விளையாடிய குட்டி, வீட்டுக்கு வந்து நான்காவது ஐந்தாவது நாள் சாப்பாட்டை வெறுத்து, வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தமாய்ப் பேதியாகிறது. சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. சிகிச்சை என்றால் நாள் கணக்கில் ட்ரிப்ஸ், ஆஸ்பத்திரி, இரவெல்லாம் விழிப்பு. "தடுப்பூசி போட்டாச்சு" என்று விற்பவர் கொடுக்கும் அட்டையில் மருந்து பாட்டிலின் ஸ்டிக்கரும், போட்ட மருத்துவரின் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் ஒரு ஊசி போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த ஊசியின் வேலையைத் தடுத்துவிடலாம் என்பதால்தான், ஆறு எட்டு வாரத்தில் ஆரம்பித்துக் குட்டிக்கு 16 வாரம் ஆகும் வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். அந்தத் தொடர் முடியாத குட்டிக்கு முழுப் பாதுகாப்பு இல்லை.

9 வயதுக் குழந்தை இருக்கும் வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குட்டி வந்த ஒரு வாரத்தில் அது செத்துப்போவதைப் பார்க்கிற குழந்தையின் மனது என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அந்த வைரஸ் உங்கள் வீட்டுத் தரையிலும் பால்கனியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; தடுப்பூசி முடியாத வேறொரு குட்டியைக் கொண்டுவரவும் முடியாது.

சரி, எல்லாமே நேர்மையாக நடந்து, ஆரோக்கியமான பிரெஞ்சு புல்டாக் குட்டி கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த ஊர் இருக்கிறதே.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. வாயிலும் மூச்சுப்பாதையிலும் இருக்கும் ஈரம் காற்றில் ஆவியாக வேண்டும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். நீள மூக்கு நாய்க்கே இது சிரமம். பிரெஞ்சு புல்டாக்குக்கு மூக்குத் துவாரம் ஒரு கீற்றுப் போல இருக்கும். குறுகிய மண்டைக்குள் அண்ணத்தின் மென்சதை நீண்டு தொண்டையை அடைத்துக்கொண்டிருக்கும். வேகமாக இரைக்க இரைக்க அந்தச் சதை வீங்கி மூச்சுப்பாதை இன்னும் குறுகும். 102 டிகிரியைச் சுற்றி இருக்க வேண்டிய உடம்பு வெப்பம் 106ஐத் தாண்டினால் குடலும் சிறுநீரகமும் மூளையும் கெட ஆரம்பிக்கும். கத்திரி வெயிலில் எங்கள் மேஜைக்கு இப்படி வருகிற பக், புல்டாக் நாய்களில் பல, வெயிலில் ஓடியவைகூட இல்லை. மாலை ஆறு மணிக்குக் கீழே நடைக்குப் போனவை, ஏ.சி. நின்றுபோன அறையில் இருந்தவை. குறட்டை விடுகிறது, செல்லமாக இருக்கிறது என்று வீடியோ போடுகிறார்களே, அந்தச் சத்தம் பெரும்பாலும் அது மூச்சுக்குப் போராடும் சத்தம்.

இதோடு முதுகெலும்புக் கோளாறு, தோல் மடிப்புகளில் புண், கருவிழிப் புண், வாழ்நாள் முழுக்கத் தோல் அலர்ஜி. இந்த இனத்தில் பெரும்பாலான பிரசவங்கள் சிசேரியன்தான். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று இனப்பெருக்கம் செய்யக் கூடாத வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டது. பிரெஞ்சு புல்டாக், பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் எல்லாம் அதில் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அது டிசம்பர். மே மாத இரவில் நான்கு மணி நேரம் கரண்ட் போனால், நான்காவது மாடியில் இந்த நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த வரி: மாமியாரின் மூட்டுவலி.

நீங்கள் இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவீர்கள், மகள் பள்ளிக்கு. அந்த நாயை நிஜத்தில் வளர்க்கப் போகிறவர் உங்கள் மாமியார். இரண்டு மாதக் குட்டி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கும், சொன்ன இடத்தில் கழிக்காது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை சாப்பாடு. காலைச் சுற்றிச் சுற்றி ஓடும், புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும். ஈரத் தரையில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிவில் போய் நிற்கும். அவர் "வேண்டாம்" என்பதில் தெருநாய் பயம் பாதி என்றால், யாரும் கேட்காத இந்தப் பயம் பாதியாக இருக்கக்கூடும். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் மனதாரச் சம்மதிக்காமல் எந்த நாயையும், விலைக்கோ தத்துக்கோ, வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

அதனால் தத்தெடுக்கலாம் என்ற உங்கள் யோசனையில் நான் ஒன்றை மாற்றச் சொல்வேன். குட்டியைத் தத்தெடுக்காதீர்கள். இரண்டு மூன்று வயதான, கருத்தடை அறுவை சிகிச்சை முடிந்த, நிரந்தர வீடு கிடைக்கும் வரை தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏதாவது ஒரு குடும்பத்தின் ஃபாஸ்டர் வீட்டில் சில மாதமாவது இருந்த நாயைப் பாருங்கள். வளர்ந்த நாயிடம் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. எவ்வளவு உயரம், குழந்தைகளைப் பிடிக்குமா, தனியே இருக்குமா, லிஃப்ட்டுக்குப் பயப்படுமா, வெளியே போய்த்தான் கழிக்குமா, எல்லாம் தெரிந்திருக்கும். குட்டிதான் பாசமாக ஒட்டும், பெரிய நாய் ஒட்டாது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. என் அனுபவத்தில் அது உண்மையில்லை.

மீட்பு நாய்களிலும் அபாயம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். நிறைய நாய்களை ஒன்றாக வைத்திருக்கும் காப்பகங்களில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் பரவும். அறிகுறி தெரியச் சில வாரம்கூட ஆகலாம். ஃபாஸ்டர் வீட்டு நாயைப் பாருங்கள் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். உண்ணிக் காய்ச்சல் சென்னையில் சர்வசாதாரணம். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். சொறி, இதயப்புழு, பிறப்புறுப்பில் வரும் தொற்றுக் கட்டி என இவையும் பார்க்க வேண்டியவை. மருத்துவர் உடம்பை ஒரு முறை நன்றாகப் பார்த்து, ஒரு முழு ரத்தப் பரிசோதனையும் உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப்புழுவுக்குமான பரிசோதனைகளும் செய்துவிட்டால் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும். அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது. பிறவியிலேயே குறுகிப்போன மூச்சுப்பாதைக்கு அறுவை சிகிச்சையைத் தவிர வழியில்லை. சிகிச்சைச் செலவு கவலையாக இருந்தால் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. அங்கே கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும். ஆனால் தனியார் கிளினிக்குகளே கடினமான கேஸ்களை அங்கேதான் அனுப்புகிறோம்.

அடிபட்ட, விரட்டப்பட்ட நாய்களுக்குச் சில விஷயங்களில் பயம் தங்கியிருக்கும். துடைப்பத்தைத் தூக்கினால் பதுங்கும், சாப்பிடும்போது யாராவது நெருங்கினால் உறுமும். குழந்தை இருக்கும் வீட்டுக்கு உறுமும் நாய் வேண்டாம். அதை ஃபாஸ்டர் செய்கிறவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அக்கறையுள்ளவர்கள் மறைக்க மாட்டார்கள். உங்களிடமும் அவர்கள் நிறையக் கேட்பார்கள்: வீடு சொந்தமா வாடகையா, பால்கனிக்கு வலை உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். கோபப்படாதீர்கள். கேட்காமல் நாயைக் கையில் கொடுக்கிற இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு கிண்டி வேளச்சேரி சாலையில் இருக்கிறது. அங்கேயும் போய்ப் பாருங்கள். மாமியாரையும் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரே நாயை இரண்டு மூன்று முறை, வெவ்வேறு நேரத்தில் பாருங்கள். அன்றைக்கே கூட்டி வர வேண்டும் என்று மகள் அழுவாள். அழட்டும்.

வெறிநாய்க்கடி பற்றி மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். ரேபிஸ் நாயின் ஜாதி பார்த்து வருவதில்லை. தடுப்பூசி போட்டு, வருடா வருடம் தவறாமல் திரும்பப் போடுகிற நாய், தெருவில் பிறந்ததோ ஐரோப்பாவில் பிறந்ததோ, பாதுகாப்பானது. எந்த நாயின் பல்லோ நகமோ பட்டுத் தோலில் கீறல் விழுந்தாலே, ரத்தம் வராவிட்டாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்கக் கூடாது. நாய் வளர்க்கும் வீட்டுக் குழந்தைக்கு முன்னெச்சரிக்கையாகவே ரேபிஸ் தடுப்பூசி போடலாம். மகளின் மருத்துவரிடம் கேளுங்கள். நான் அதை ஆதரிக்கிறேன்.

உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை. ஒரு குறிப்பிட்ட இனத்தின் மேல் ஆசைப்படுவது தவறில்லை. 2003 வாக்கில் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் பக் நாய் விளம்பரம் வந்த பிறகு ஊரெல்லாம் பக் நாய் வாங்கினார்கள். பிறகு மூச்சுத் திணறலும் தோல் நோயுமாக அவற்றில் பல காப்பக வாசல்களில் கட்டப்பட்டன. இன்றைக்கு ஹஸ்கி, ஷிட்ஸூ, ராட்வைலர், சில சமயம் பிரெஞ்சு புல்டாக்கும் அப்படி விடப்படுகின்றன. வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, வெளிநாடு போகிறோம் என்று காரணம் சொல்வார்கள். எனவே சார், அந்த முகம்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே பிறந்து, யாரோ கைவிட்ட ஒன்றுக்கு வீடு கொடுங்கள். அதற்கும் ஏ.சி. வேண்டும், மருத்துவச் செலவு இருக்கும். ஆனால் அதை ஈன்ற தாய் நாய் உங்கள் பணத்துக்காக அடுத்த முறையும் வயிறு கிழிபட வேண்டியதில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை வாங்கலாமா என்ற எண்ணம் வந்தால், வேண்டாம். நம் மண்ணின் நாய்கள்தான், ஆனால் ஓடுவதற்காகவே வளர்ந்த இனங்கள். நான்காவது மாடிக்கு உரியவை இல்லை.

இந்தக் கடிதம் கைக்கு வருவதற்குள் அட்வான்ஸ் போட்டுவிட்டிருந்தால், "கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் பணம்", "திரும்பக் கிடைக்கும் இன்ஷூரன்ஸ்" என்று அடுத்தடுத்து கேட்கும் தொகைகளை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

நாய் வீட்டுக்கு வரும் நாள் முடிவானதும் சில ஏற்பாடுகள். பால்கனிக்கு வலை போடுங்கள். கழுத்துப் பட்டையோடு மார்பைச் சுற்றும் ஹார்னஸும் வாங்குங்கள். புது இடத்தில் மிரண்ட நாய் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடுவது முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம். உங்கள் போன் நம்பர் பொறித்த தகடு முதல் நாளே கழுத்தில் இருக்கட்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கூட்டி வராதீர்கள். வந்ததும் குளிப்பாட்டாதீர்கள், உறவினரைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு அரைகுறையாகச் சாப்பிடும், இருக்கட்டும். ஆனால் 24 மணி நேரம் தண்ணீரே குடிக்காவிட்டாலும், வாந்தியோ பேதியோ இருந்தாலும் மருத்துவரிடம் போய்விடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் வாரத்துக்குள் ஒரு முறை பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தடுப்பூசி அட்டையையும், அன்று காலை மலத்தைச் சின்ன டப்பாவிலும் எடுத்துப் போனால் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மழைக்காலத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவும் ஊர் இது. அதற்கான தடுப்பூசி அட்டையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மாநகராட்சி உரிமம் கட்டாயம். ரேபிஸ் ஊசி போட்ட சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். அசோசியேஷனில் யாராவது நாயே வளர்க்கக் கூடாது என்றால், அப்படித் தடை போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதன் நகல் ஒன்றை எடுத்து, உரிமத்தோடு சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.